மாடி ஏறினால் மட்டும் வரும் ‘வாயுத் தொல்லை’

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. சில வாரங்களாக மாடி ஏறும்போது மேல்வயிற்றில் எரிச்சலும் தாடையில் இறுக்கமும் வருகின்றன, உட்கார்ந்தால் போய்விடுகின்றன. நெஞ்சுவலி இல்லை. இசிஜி நார்மல். வாயு என்று சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார். அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: விடக்கூடாது. ஓரிரு நாட்களுக்குள் இதயநோய் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவரை அம்மா மாடி ஏற வேண்டாம்.

வாயுத் தொல்லை படிக்கட்டைப் பார்த்து வருவதில்லை. மாடி ஏறும்போது இதயத் தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். ரத்தக்குழாய் குறுகியிருந்தால் அது போதிய அளவு கிடைக்காது. உட்கார்ந்ததும் தேவை குறைவதால் தொல்லையும் அடங்கும். ஆஞ்சைனா எனப்படும் இது மாரடைப்புக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். பலருக்கு அந்த முன்னறிவிப்புகூடக் கிடைப்பதில்லை.

நெஞ்சுவலி இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது சினிமாவில் வரும் மாரடைப்பு. நீண்டகாலச் சர்க்கரை நோய் நரம்புகளைப் பாதிப்பதால் வலி மங்கலாகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம். பெண்களிடமும் முதியவர்களிடமும் மூச்சுத்திணறல், குமட்டல், குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத களைப்பு என்று வேறு வேடங்களில் வருவதுண்டு. வாயு மாத்திரையில் எரிச்சல் குறைந்தாலும் அது இதயக் கோளாறு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

அடுத்தது, அந்த நார்மல் இசிஜி. அதைப் படுக்கவைத்து, தொல்லை இல்லாத நேரத்தில் எடுத்திருப்பார்கள். மாடி ஏறும்போது என்ன நடக்கிறது என்பது அதில் எப்படித் தெரியும்? மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் இசிஜி நார்மலாக வருவதுண்டு. அதனால்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறோம், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கிறோம். உங்கள் அம்மாவுக்கு எக்கோ, டிரெட்மில், ஆஞ்சியோகிராம் இவற்றில் எது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இதற்கிடையில் ஓய்வெடுத்தும் சில நிமிடங்களில் தொல்லை அடங்காவிட்டாலோ, சும்மா இருக்கும்போதே வந்தாலோ, வியர்த்துக் கொட்டினாலோ உடனே ஆம்புலன்சை அழையுங்கள். ஏப்பம் விட்டால் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் நேரத்தில்தான் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். காரில் ஏற்றிப் பறக்க வேண்டாம். வழியில் இதயம் நின்றால் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ஆஸ்பிரின் ஒவ்வாமையோ ரத்தக் கசிவுள்ள குடல்புண்ணோ இல்லையென்றால் 300 மில்லிகிராம் ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்வது வழக்கம். ஆம்புலன்சை அழைக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வேகமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் யோசனையை மறந்துவிடுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று மாதச் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றின் பழைய அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கும் இதயநோய் அபாயம் கூடுகிறது என்பதை வீடுகளில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உங்கள் வயதை எழுதவில்லை. தாய்க்கு 65 வயதுக்குள் இதயநோய் வந்தால் பிள்ளைகளுக்கும் அபாயம் அதிகம். அம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் அன்றைக்கே உங்கள் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்த்துவிடுங்கள். புகைப்பவராக இருந்தால் அதையும் அந்த மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விடுவதற்கு மருந்துகள் இருக்கின்றன.