மனச்சோர்வு என்பது மூளையின் ஆற்றல் பற்றாக்குறைதானா?

செல்களுக்குள் ஆற்றல் உற்பத்தி குறைவதால்தான் மனச்சோர்வும் பதற்றமும் வருகின்றன என்று இப்போது பலரும் சொல்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். தொடர்பு நிச்சயமாக உண்டு. அந்த 'தான்' என்ற சொல்லோடுதான் எனக்குத் தகராறு.

நான் மருத்துவன் அல்லன். உயிர்வேதியியல் படித்தவன், பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவரின் மகன். பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஒன்றை ஓர் இரவு வீட்டிலேயே பார்த்தேன்.

விடிய இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும். ஏதோ சரியும் சத்தம் கேட்டு எழுந்து போனால், அப்பா அலமாரியில் இருந்த துணிகளையெல்லாம் தரையில் வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். "என்னப்பா தேடுகிறீர்கள்?" என்றேன். "என் சட்டையை ஒளித்து வைத்தது நீதானே?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். என்னை ஒரு முறைகூட அடித்திராத மனிதர். சட்டையை அவர் போட்டுக்கொண்டுதான் இருந்தார். வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக் கிடந்தது. விரலைப் பிடித்துக் குத்துவதற்குள் மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி 41 என்று காட்டியது, மிகக் குறைவு. அம்மா சர்க்கரை கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து, கெஞ்சிக் கொஞ்சி வாய்க்கு வாய் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் போனது. அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏன் இப்படித் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை.

நம் உடம்பில் ஓடும் மொத்த ரத்தத்திலும் எந்நேரமும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 4 கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு. அன்று அப்பாவுக்கு அது ஏறத்தாழ பாதியாக இறங்கியிருந்தது. சந்தேகம், ஆத்திரம், பெற்ற பிள்ளையைத் திருடனாகப் பார்த்தது எல்லாம் அந்த அரைக்கரண்டிக் குறைவில் வந்து, அது நிரம்பியதும் போய்விட்டன.

மூளை ஓர் அன்றாடங்காய்ச்சி. உடல் எடையில் 2 சதவீதம்தான் இருக்கும். ஆனால் நாம் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தைத் தின்கிறது. நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கல்லீரலும் தசையும் சேமித்து வைப்பதுபோல் அது சேமித்து வைப்பதில்லை. ரத்த ஓட்டம் அடியோடு நின்றால் 10 விநாடி அளவிலேயே நினைவு தப்பிவிடும்.

அப்படி என்னதான் செலவு? கடினமாக யோசித்தால் மூளை அதிகமாக எரிக்கும் என்று நானும் நினைத்திருந்தேன். 1955இல் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் சொக்கலோஃபும் அவருடைய சகாக்களும் ஆட்களை மனக்கணக்குப் போடச் சொல்லி, மூளை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை அளந்தார்கள். மொத்த அளவு ஏறவே இல்லை. பெருஞ்செலவு யோசனையில் இல்லை; எந்நேரமும் யோசிக்கத் தயாராக இருப்பதில்தான் இருக்கிறது. நரம்பணுவின் சவ்வு ஓட்டைப் படகு மாதிரி. சோடியம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று சோடியம் அயனியை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அந்தப் பம்பை, நண்டின் நரம்பை வைத்து 1957இல் கண்டுபிடித்தார் டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ. நோபல் பரிசு அவருக்கு நாற்பது ஆண்டு கழித்து, 1997இல் கிடைத்தது. மூளையின் ஆற்றலில் ஏறத்தாழ பாதி இந்த இறைப்புக்கே போகிறது. அதற்கான ஆற்றலைச் சுமந்து தரும் ஏடிபி என்ற மூலக்கூறைப் பெரும்பாலும் வடித்துத் தருவது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு.

நாம் விழித்திருக்கும்போது ஏடிபி சிதைந்து அடினோசின் என்ற மிச்சம் மூளையில் சேர்ந்துகொண்டே போகிறது. மாலையில் கண் சொருகுவதற்கு அது ஒரு முக்கியக் காரணம். காபியில் உள்ள காஃபின் அடினோசின் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆற்றலைத் தருவதில்லை, களைப்பின் வாயைப் பொத்துகிறது, அவ்வளவுதான். (இதை எழுதும்போது நான் குடிப்பது இரண்டாவது காபி.)

அப்பாவுக்கு நடந்தது திடீர்த் தட்டுப்பாடு. தட்டுப்பாடு மெதுவாக வந்தால் இன்னொரு விதமாகத் தெரியும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். போரில் சண்டையிட மறுத்தவர்கள், தாங்களாகவே முன்வந்தவர்கள், உடலும் மனமும் நலமாக இருப்பதாகச் சோதித்துப் பார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 24 வாரம் ஏறத்தாழ பாதிச் சாப்பாடு. மெலிந்தார்கள் என்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் சோர்ந்து போனார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து விலகினார்கள், சமையல் புத்தகங்களைக் கதைப் புத்தகம்போல் மணிக்கணக்காகப் படித்தார்கள். அந்தப் பட்டியலை மட்டும் எடுத்து ஒரு மனநல மருத்துவரிடம் நீட்டினால் மனச்சோர்வு என்றுதான் சொல்வார்.

உணவு ஒழுங்காகக் கிடைத்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் போவது இன்னொரு வகை. தைராய்டு சுரப்பு குறைந்தால் உடம்பின் அடுப்பு முழுக்கவே தணிந்து எரியும். 1949இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற ஆங்கில மருத்துவர், மனநோயாளிகள் என்று கருதப்பட்ட 14 பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்ததை எழுதினார். தைராய்டு மருந்து கொடுத்ததும் அவர்களில் பலர் தேறினார்கள். குளுக்கோஸை எரிக்கும் பாதையில் தயாமின் என்ற பி1 வைட்டமின் ஒரு சாவி. அது இல்லாவிட்டால் குழப்பமும் நினைவிழப்பும் வரும். பி12 குறைந்தாலும் மனம் வாடும், மறதி வரும். இவையெல்லாம் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடக் கூடியவை. என் நெருங்கிய உறவினர் ஒருவரை இரண்டு ஆண்டுகள் 'சோம்பேறி' என்று வீடே ஏசியது. கடைசியில் தைராய்டு. ஏசியவர்களில் நானும் ஒருவன், அதுவும் உயிர்வேதியியல் படித்துவிட்டு.

இனி என் தகராறுக்கு வருகிறேன். நீரிழிவு உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு காணப்படுகிறது. உடனே 'பார், சர்க்கரைதான் காரணம்' என்று கிளம்பிவிடுகிறார்கள். மனம் சோர்ந்தவர் நடக்க மாட்டார், தூங்க மாட்டார், கண்ட நேரத்தில் சாப்பிடுவார், கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பு ஏறும், இன்சுலின் சொன்ன பேச்சைச் செல்கள் கேட்காமல் போய்ச் சர்க்கரை ஏறும். மனநோய்க்குத் தரும் ஒலான்சபின் போன்ற சில மருந்துகளே எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். தினமும் ஊசி போட்டுக்கொள்வதே ஒரு சுமை. இழப்பு, தனிமை, கடன், சிறுவயதில் பட்ட அடி இவற்றால் வரும் சோர்வை எந்த மைட்டோகாண்ட்ரியாவின் கணக்கில் எழுதுவது? கயிற்றை இரண்டு முனையிலிருந்தும் இழுக்கிறார்கள். ஒரு முனையை மட்டும் காட்டிப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை.

மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது புதிதல்ல. வலிப்பு நோய்க்காக 1921இல் அமெரிக்க மருத்துவர் ரஸ்ஸல் வைல்டர் முன்வைத்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள குழந்தைகளுக்கு இன்றும் தரப்படுகிறது. நீண்ட பட்டினியில் மூளை தன் தேவையில் பெரும்பகுதியை, கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் கீட்டோன்களிலிருந்தே எடுத்துக்கொள்ளும் என்பதை 1967இல் அமெரிக்க ஆய்வாளர் ஜார்ஜ் கேஹிலின் குழு காட்டியது. ஆகவே மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் அது உதவுமா என்று ஆராய்வது நியாயமான முயற்சி. இதுவரை வந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர் மருத்துவரிடம் சொல்லாமல் மாவுச்சத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அப்பாவின் அந்த இரவே போதும்.

நீங்கள் உங்களுக்காகவே கேட்டிருந்தால், முதலில் மருத்துவரைப் பார்த்து ரத்தச் சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, பி12 நான்கையும் பார்த்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 'அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை, நான்தான் பலவீனமானவன்' என்று முடிவு கட்டாதீர்கள். மனச்சோர்வு அப்போதும் மனச்சோர்வுதான், அதற்குச் சிகிச்சை உண்டு. உறக்கத்தையும் நடையையும் நான் எவருக்கும் தயங்காமல் சொல்வேன்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அப்பா குரலை உயர்த்தினால் போதும், அம்மா கருவியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். போன மாதம் அப்படித்தான் அவர் என்மேல் கத்தத் தொடங்கியதும் விரலைக் குத்திப் பார்த்தோம். 118, குறைவே இல்லை. அவர் நாற்பது ஆண்டுகளாக வைத்திருந்த எழுது மேசையை நான் கேட்காமலேயே விற்றிருந்தேன்.