ஏஆர் ஸ்பெக்ட்ரத்துக்கு ஆர்டர் எத்தனை வைப்பது? ஏஐசி ஒன்று சொல்கிறது, எம்டிஎல் வேறொன்று சொல்கிறது

ஏஆர் மாடல் ஒவ்வொரு சாம்பிளையும் அதற்கு முந்தைய சில சாம்பிள்களை வைத்துக் கணிக்கும். எத்தனை முந்தைய சாம்பிள் என்பதே ஆர்டர், ஒவ்வொன்றையும் பெருக்கும் எண் கெழு, அந்தக் கெழுக்களிலிருந்து வரைவது ஏஆர் ஸ்பெக்ட்ரம். உங்களிடம் இருப்பது 8 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ‘ஆ’ ஒலியில் 30 மில்லிசெகண்ட் துண்டு, அதாவது 240 சாம்பிள். கணிப்புப் பிழையோடு ஆர்டருக்கு ஒரு அபராதமும் கூட்டி, தொகை மிகக் குறையும் ஆர்டரைத் தேர்வதற்கான அளவுகோல்களில் ஏஐசி பெரிய எண்ணும் எம்டிஎல் சின்ன எண்ணும் தருகின்றன, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இரண்டையும் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் விரல்விட்டு எண்ணுங்கள். ஆண் குரல் என்றால் குரல்நாணிலிருந்து உதடு வரை சுமார் 17 செ.மீ. அவ்வளவு நீளக் குழாயில் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு ஒரு ஒத்ததிர்வு வரும். நமக்குத் தெரிவது 4000 ஹெர்ட்ஸ் வரைதான், ஆக நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி ‘போல்’ (pole: ஒரு ஜோடி சேர்ந்தால் ஸ்பெக்ட்ரத்தில் ஒரு பீக்; ஆர்டர் எத்தனையோ அத்தனை போல்), மொத்தம் 8. குரல்நாண் துடிப்பின் வடிவத்துக்கும் உதட்டில் ஒலி வெளியேறுவதற்கும் சேர்த்து இன்னும் இரண்டு போட்டால் 10. எல்பிசி-10 என்ற பழைய குரல் கோடெக்கில் இருக்கும் 10 இதே ஆர்டர்தான்.

கல்லூரி புராஜெக்டில் நான் இப்படியெல்லாம் எண்ணவில்லை. அதிகம் வைத்தால் துல்லியம் கூடும்தானே என்று 80 வைத்தேன். படம் ஊசி ஊசியாக அழகாக வந்தது. வழிகாட்டி ஒன்றும் சொல்லாமல் ஸ்கேலை எடுத்து அளந்தார். எந்த இரண்டு பீக்குக்கும் நடுவே 120 ஹெர்ட்ஸ். அது வாயின் ஒத்ததிர்வே இல்லை, என் குரலின் சுருதி! 8000-ஐ 120-ஆல் வகுத்தால் 67 சாம்பிளுக்கு ஒரு துடிப்பு. ஆர்டர் அதைத் தாண்டிவிட்டால், போன துடிப்பைப் பார்த்தே மாடல் அடுத்ததைச் சொல்லிவிடுகிறது. மறுகோடிக்குப் போய் 4 வைத்துப் பார்த்தேன். ‘ஆ’-வில் 700, 1100 ஹெர்ட்ஸ் பக்கம் நெருங்கி நிற்கும் இரண்டு பீக்கும் ஒரே மேடாகிப் போயின.

சரி, ஏஐசிக்கு வருவோம். 1970களில் அகைகே தந்த அளவுகோலில் ஒவ்வொரு கூடுதல் கெழுவுக்கும் அபராதம் 2. ரிசானனின் எம்டிஎல்லில் அது சாம்பிள் எண்ணிக்கையின் இயல் மடக்கை, உங்கள் 240-க்கு 5.48. அதாவது கணிப்புப் பிழையின் திறன் (power) 0.83 சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே ஏஐசி இன்னொரு கெழுவை உள்ளே விடும், எம்டிஎல் 2.26 சதவீதம் கேட்கும். இரண்டும் வேறு எண் சொல்வதில் ஆச்சரியமில்லை. இரண்டுமே கணிப்புப் பிழையைத்தான் பார்க்கின்றன, உங்களுக்கு வேண்டிய பீக்கை அல்ல. பிழை வளைகோடு 10-ஐத் தாண்டித் தட்டையாகக் கிடந்தால், அதில் மிகக் குறைந்த புள்ளி எங்கே என்று தேடுவது வீண் வேலை.

அதனால் 8, 10, 12, 14 நான்கையும் ஒரே படத்தில் போடுங்கள். எல்லாவற்றிலும் அசையாமல் நிற்கும் பீக்கை நம்பலாம். 14-ல் மட்டும் புதிதாக முளைப்பதைச் சந்தேகியுங்கள், அதுவும் கெழுக்களைக் கணக்கிடும் வழிகளில் ஒன்றான பர்க் முறையில் ஒரே பீக் இரண்டாகப் பிளப்பது உண்டு. பதிவில் இரைச்சல் அதிகமென்றால் மட்டும் இரண்டு மூன்று கூட்டிக்கொள்ளலாம். இரைச்சல் கலந்த ஏஆர் சிக்னல் சுத்தமான ஏஆர் இல்லை.

அப்புறம், ‘ஆ’-வுக்குப் பிடித்த எண்ணை அப்படியே ‘ம்’ மீது போட்டுவிடாதீர்கள். மூக்கொலியில் ஸ்பெக்ட்ரத்தில் பள்ளங்களும் உண்டு. போல்களை மட்டும் வைத்துப் பள்ளம் தோண்ட நிறைய போல் செலவாகும்.