வத்தல் பழகிய நாக்குக்கு சிச்சுவான் மிளகு புதுசு

கேள்வி: திருநெல்வேலியில் புதிதாகத் திறந்திருக்கும் காரமான சைனீஸ் ஹோட்டலுக்கு வீட்டில் ஆறு பேரும் போகிறோம். அம்மா சைவம். சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். காரம் எங்களுக்குப் பழக்கம்தான். என்ன ஆர்டர் செய்யலாம்?

"காரம் எங்களுக்குப் பழக்கம்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். நம்ம பக்கத்து ஆட்கள் பலரும் இதைச் சொல்லிக்கொண்டுதான் மேஜையில் உட்காருகிறார்கள். செங்கோட்டை பார்டர் பரோட்டாவும் சால்னாவும் மிளகுக் கோழியும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு மிளகாய் வத்தல் காரம் பழக்கம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் சீனாவின் சிச்சுவான் மாகாணத்துச் சமையலில் பாதி வேலையை மிளகாய் செய்வதில்லை. அது செய்யாத அந்தப் பாதிதான் ஆளைத் தடுமாற வைக்கும்.

முதலில் அது எந்த வகைக் கடை என்று தெரிந்துகொள்ளுங்கள். "காரமான சைனீஸ்" என்ற ஒரே பேரில் இரண்டு சமையல் இருக்கிறது. மெனுவைத் திறந்ததும் கோபி மஞ்சூரியன், சில்லி சிக்கன், டிராகன் சிக்கன், ட்ரிபிள் செஸ்வான் என்று வரிசையாக இருந்தால் அது நம் நாட்டு சைனீஸ். மாப்போ டோஃபு, டான் டான் நூடுல்ஸ், சோங்சிங் சிக்கன், ஹாட் பாட் என்று இருந்தால் சிச்சுவான் பக்கம் போகிறார்கள். பேரை மட்டும் நம்பாமல் சப்ளையர் தம்பியிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சிச்சுவான் மிளகு போடுவீங்களா?" பதில் வராமல் அவர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தால், பெரும்பாலும் பாட்டிலில் வரும் செஸ்வான் சாஸ்தான்.

நம் நாட்டு சைனீஸைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் கையில் வளர்ந்த சமையல் அது. சிக்கன் மஞ்சூரியன் 1975இல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் செய்தது என்பார்கள். பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய் வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸும் கார்ன் மாவும் சேர்த்தார். மஞ்சூரியாவில் போய்க் கேட்டால் அப்படி ஒரு பண்டம் இல்லை. செஸ்வான் சாஸும் அப்படியே. ஊறவைத்து அரைத்த வத்தலும் பூண்டும் ஏறக்குறைய சம எடை, கொஞ்சம் இஞ்சி, வினிகர், சர்க்கரை, சோயா சாஸ், எண்ணெய். இதில் தவறு நடக்கும் இடம் பூண்டுதான். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் பூண்டு கருகிக் கசக்கும். எண்ணெய் பிரியும் முன்பே இறக்கினால் வத்தலின் பச்சை வாடை நிற்கும். இரண்டையும் மறைக்க வினிகரைக் கூட்டுவார்கள். முதல் வாயிலேயே புளிப்பு முந்தினால் உள்ளே என்ன நடந்தது என்று புரிந்துவிடும்.

இனி சிச்சுவான் மிளகு. பேரில்தான் மிளகு, நம் மிளகுக்கும் மிளகாய்க்கும் அது சொந்தம் இல்லை. எலுமிச்சை, நார்த்தங்காய், கறிவேப்பிலை இருக்கிற குடும்பத்துச் செடி. ஒரு மணியை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்: செங்காவி நிறத்தில் பொடிப் பொடிப் புள்ளியோடு சொரசொரப்பாக ஒரு தோல், பாதி பிளந்து வாய் திறந்த மாதிரி இருக்கும். உள்ளே பளபளவென்று ஒரு கருப்பு விதை. விதைக்கு ருசி கிடையாது, கடித்தால் மணல் மாதிரி நெறுநெறுக்கும்; நல்ல சமையலறையில் அதை நீக்கிவிடுவார்கள். சரக்கு தோலில்தான். பல்லில் வைத்துக் கடித்தால் முதலில் எலுமிச்சைத் தோல் வாசனை, சில நொடி கழித்து உதடும் நாக்கு நுனியும் விறுவிறு என்று அதிர ஆரம்பிக்கும், அப்புறம் மரத்துப்போகும். அதைச் செய்வது சான்ஷூல் என்ற பொருள். லண்டன் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட கணக்குப்படி, நொடிக்கு சுமார் 50 தடவை அதிர்வது போல உதடு உணர்கிறது. சீனத்தில் இந்த மரப்புக்கு "மா", மிளகாய் எரிச்சலுக்கு "லா". இரண்டும் சேர்ந்ததுதான் "மா லா". அந்த நேரத்தில் தண்ணீர் குடித்தால் தண்ணீரே வேறு ருசியாகத் தெரியும். பயப்பட வேண்டாம். ஒவ்வாமையும் இல்லை, சாப்பாடு கெட்டதும் இல்லை. பத்து இருபது நிமிடத்தில் தானாக அடங்கும்.

அடுத்த வித்தியாசம் எண்ணெய். நம் குழம்பில் வத்தல் தேங்காயோடும் மல்லியோடும் அரைபட்டு உள்ளே கலந்து நிற்கிறது. சிச்சுவான் பண்டத்தில் காரம் மேலே மிதக்கும் சிவப்பு எண்ணெயில் நிற்கிறது. இது தெரியாமல் சாம்பார் மாதிரி சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் தட்டு முழுக்க எண்ணெய்தான் சேரும், பிறகு வயிறு பேசும். மீனோ கறியோ குச்சியாலோ கரண்டியாலோ தூக்கி, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு கணம் நிறுத்தி எண்ணெயை வடியவிட்டு, வெள்ளைச் சோற்றின் மேல் ஒரு தட்டுத் தட்டிச் சாப்பிட வேண்டும். "தண்ணீரில் வேகவைத்த மீன்" என்று மெனுவில் பார்த்து பிள்ளைகளுக்கு வாங்கிவிடாதீர்கள். பேர்தான் தண்ணீர், வத்தலையும் சிச்சுவான் மிளகையும் மேலே தூவிக் கொதிக்கும் எண்ணெயை ஊற்றிக் கொண்டுவருவார்கள். சோங்சிங் சிக்கனில் தட்டு நிறைய வறுத்த வத்தல் இருக்கும், அது சாப்பிட இல்லை. வத்தலை விலக்கிவிட்டு உள்ளே ஒளிந்திருக்கும் சின்னச் சின்னக் கோழித் துண்டுகளைத் தேடி எடுக்க வேண்டும். வத்தலை வீணாக்கக் கூடாது என்று மென்று முடிக்கிறவர்கள் உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

ஆறு பேருக்கு என்றால் இப்படிச் சொல்வேன். காரமில்லாத சூப் இரண்டு, ஒன் பை டூவாகப் பிரித்து நான்கு கிண்ணம். தட்டி நசுக்கிய வெள்ளரிக்காய்ப் பச்சடி இருந்தால் ஒன்று. வறுவல் ஒன்று மட்டும், சோங்சிங் சிக்கனோ குங் பாவ் சிக்கனோ. குங் பாவில் வறுத்த வேர்க்கடலை வரும், கடலை ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் முன்பே சொல்லுங்கள். மாப்போ டோஃபு ஒன்று. மா லா எப்படி இருக்கும் என்று பழக இதைவிட நல்ல பண்டம் கிடையாது, ஏனென்றால் டோஃபுவுக்கு (சோயாப் பாலில் செய்யும் பனீர் மாதிரியான கட்டி) சொந்த ருசி குறைவு, காரத்தைத் தாங்கிக்கொள்ளும். மாப்போ டோஃபு என்றால் அம்மைத் தழும்பு முகத்துப் பாட்டி செய்த டோஃபு என்று அர்த்தம். செங்டூ நகரத்தில் 1862இல் தொடங்கிய கடையின் பண்டம். அப்புறம் காரமில்லாத கீரையோ பீன்ஸோ பூண்டு போட்டு வதக்கியது ஒன்று. சோறு வெள்ளைச் சோறுதான், மூன்று. இதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். காரப் பண்டத்தோடு செஸ்வான் பிரைட் ரைஸும் வாங்கினால் எண்ணெய் மேல் எண்ணெய், உப்பு மேல் உப்பு. பிள்ளைகளுக்கு முட்டை பிரைட் ரைஸ் ஒன்று, பச்சைமிளகாயும் மிளகுத்தூளும் இல்லாமல். குறைந்தால் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதல் தடவையிலேயே பத்து ஐட்டம் சொல்லாதீர்கள்.

அம்மா சைவம் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். "வெஜ்தான் மேடம்" என்ற பதில் போதாது. மாப்போ டோஃபுவில் வழக்கமாகக் கொத்துக்கறி உண்டு, இல்லாமல் செய்யச் சொல்ல வேண்டும். ஆய்ஸ்டர் சாஸ் என்பது சிப்பியில் செய்வது, கீரை வதக்கலில்கூடப் போடுவார்கள். சிக்கன் ஸ்டாக் பவுடர் காய்கறிச் சூப்பிலும் விழும். ஹாட் பாட் என்பது மேஜையிலேயே கொதிக்கும் குழம்பில் வேகவைத்துச் சாப்பிடுவது, அதன் அசல் குழம்பு மாட்டுக் கொழுப்பில் செய்வது. மேலப்பாளையத்து முஸ்லிம் நண்பர்கள் யாராவது கூட வந்தால், சீனச் சமையலில் அரிசி மது ஊற்றும் வழக்கம் உண்டு என்பதையும் கேட்டுக்கொள்ளட்டும். மூன்று கேள்வி: ஆய்ஸ்டர் சாஸ் இல்லாமல், சிக்கன் பவுடர் இல்லாமல், தனிக் கடாயில் செய்ய முடியுமா? கடைசிக் கேள்விக்கு "முடியாது" என்று நேர்மையாகச் சொல்கிற கடையை நான் மதிப்பேன். அப்படிச் சொன்னால் அம்மாவுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளலாம், ஏமாற்றம் இல்லை.

காரம் ஏறிவிட்டால் தண்ணீரை எடுக்காதீர்கள். மிளகாயில் எரிச்சல் தரும் கேப்சைசின் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது. தண்ணீர் அதை வாய் முழுக்கப் பரப்பத்தான் உதவும். சோடா வேண்டவே வேண்டாம், குமிழி எரிச்சலை இன்னும் தூண்டும். சூடான டீயும் அப்படித்தான், ஏனென்றால் சூட்டை உணர்கிற அதே நரம்பைத்தான் மிளகாயும் தட்டுகிறது. பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் கேப்சைசினைக் கழுவி எடுக்கும். அதனால் லஸ்ஸி, குளிர்ந்த பால், ஐஸ்கிரீம். சொதியில் தேங்காய்ப்பால் காரத்தை அமர்த்துவதை நம் வீட்டு விருந்தில் பார்த்திருப்பீர்கள், அங்கே வேலை செய்வது கொழுப்பு. வெறும் வயிற்றோடு போக வேண்டாம். அல்சர், மூலம், நெஞ்செரிச்சல் இருப்பவர்கள் காரப் பண்டத்தை ருசி பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பிள்ளைகள் எண்ணெய்க் கையால் கண்ணைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; கையை வெறும் தண்ணீரில் கழுவினால் எண்ணெய் போகாது, சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவ வேண்டும்.

எப்போது போவது? ஞாயிறு ராத்திரி எட்டரைக்குப் போகாதீர்கள். கடாய் முழுச் சூட்டில் இருக்க, ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு பிளேட் அளவுதான் போட வேண்டும். கூட்ட நேரத்தில் நான்கு பிளேட் நூடுல்ஸை ஒன்றாகக் கொட்டுவார்கள். கடாய் சூடு இறங்கும், முட்டைக்கோஸ் தண்ணீர் விடும், வறுபட வேண்டியது வெந்துபோகும். தட்டின் அடியைப் பாருங்கள்: தண்ணீர் தேங்கியிருந்தால் கடாயில் கூட்டம். எண்ணெய் தேங்கியிருந்தால் சூடு போதாமல் ஒட்டியதை எண்ணெய் ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள். சரியாக வந்த நூடுல்ஸில் லேசான புகை வாசனை இருக்கும், முட்டைக்கோஸ் நறுக்கென்று இருக்கும். வார நாளில் பன்னிரண்டே முக்காலோ, மாலை ஏழேகாலோ சரியான நேரம்.

அஜினோமோட்டோ விஷம் என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். 1908இல் ஜப்பானில் இக்கேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து கண்டெடுத்த, ருசி கூட்டும் குளூட்டமேட் அது. நம் தக்காளியிலும் இருக்கிறது. 1968இல் அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதத்திலிருந்து கிளம்பிய பயம் இன்னும் ஓயவில்லை. அதை அள்ளிப் போடலாம் என்று நான் சொல்லவில்லை, அதிலும் சோடியம் உண்டு, ஆனால் சாதா உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். சாப்பிட்ட பிறகு தாகம் வருவதற்கு சோயா சாஸ் உப்பும் காரணம். உண்மையில் கவலைப்பட வேண்டியது நிறப்பொடி. வத்தலின் சிவப்பு எண்ணெயில்தான் கரையும். பொரித்த துண்டைத் தண்ணீரில் நனைத்ததும் தண்ணீர் பளீரென்று ஆரஞ்சாகவோ ரோஸாகவோ மாறினால் அது வத்தல் தந்த நிறம் இல்லை. சோயா சாஸ் என்றால் பழுப்பாகத்தான் கலங்கும்.

கேட்டதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடந்து உறுத்துகிறது. நம் ஊர் ஹோட்டல்களில் சைனீஸ் மாஸ்டராக நிற்பவர்களில் டார்ஜிலிங், மணிப்பூர், மிசோரம், நேபாளத்துப் பிள்ளைகள் பலர். சித்திரை வெயிலில், ஜெட் மாதிரி சீறும் அடுப்பின் முன்னால், இடது கையில் கடாயும் வலது கையில் கரண்டியுமாக ராத்திரி பதினொன்று வரை நிற்கிறார்கள். அவர்களை "ஏ சைனாக்காரா" என்று கூப்பிடுவதும், முகத்தைப் பார்த்துச் சிரிப்பதும், பிள்ளைகள் முன்னாலேயே நடக்கிறது. அண்ணாச்சி, மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிடுகிற ஊர் இது. அந்தப் பையனையும் "தம்பி" என்று கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும்? சாப்பாடு நன்றாக இருந்தால் உள்ளே எட்டிப் பார்த்து அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள்.

பில்லில் தனி ஹோட்டலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அது கட்டாயம் இல்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே விதி போட்டுவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மிச்சத்தைப் பார்சல் கட்டினால் வறுவலையும் கிரேவியையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். மூடிய டப்பாவில் ஆவி இறங்கினால் பத்து நிமிடத்தில் மொறுமொறுப்பு போய்விடும். சோற்றை மட்டும் ராத்திரி முழுக்க வெளியே வைக்காதீர்கள். வெந்த சோற்றில் வளரும் ஒரு பாக்டீரியா விடும் நஞ்சு, காலையில் திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. வீட்டுக்குப் போனதும் தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.