ஊசி போட்டும் மடிநோய் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: எங்களிடம் நான்கு கறவை மாடுகள் இருக்கின்றன. ஒன்றரை மாதத்துக்கு முன் ஒரு மாட்டின் பின்காம்பில் பால் திரிதிரியாக வந்தது. மருத்துவர் ஊசி போட்டார். இரண்டாம் நாளே பால் தெளிந்துவிட்டதால் மீதி மருந்தைப் போடவில்லை. மூன்று வாரத்தில் அதே காம்பில் மறுபடி வந்துவிட்டது. இப்போது பக்கத்தில் கட்டியிருக்கும் மாட்டுக்கும் மடி கெட்டியாக இருக்கிறது. கறக்கும் முன் ஒரு வாளி வெந்நீரில் துணியை நனைத்து நான்கு மாட்டுக்கும் மடி துடைத்துவிட்டுத்தான் கறக்கிறோம். பிண்ணாக்கை மாற்றியதால் வந்திருக்குமா? இந்தப் பாலைக் கன்றுக்குக் கொடுக்கலாமா?

பதில்: பிண்ணாக்கின் மேல் பழி போட வேண்டாம். ஒரு வாளி, ஒரு துணி, நான்கு மடி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சந்தேகம் அங்கேதான் வர வேண்டும். முதல் மாட்டின் காம்பிலிருந்த கிருமி துணியில் ஏறி, வாளியில் இறங்கி, அடுத்த மாட்டுக்குப் போகிறது. வெந்நீர் என்றாலும் கை பொறுக்கும் சூடுதானே, அதில் கிருமி சாகாது. சுத்தம் செய்வதாக நினைத்து நோயைப் பங்கு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, முக்கால்வாசிப் பண்ணைகளில் நான் பார்ப்பது இதுதான்.

மாட்டுக்கு ஒரு துணி வைத்துக்கொள்ளுங்கள். கறந்து முடித்ததும் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போடுங்கள். மடி முழுவதையும் நனைக்கத் தேவையில்லை. காம்பைக் கழுவி ஈரம் போகத் துடைத்தால் போதும். ஈர மடியிலிருந்து வழியும் அழுக்குத் தண்ணீர் நேராகக் காம்பு நுனிக்குத்தான் வந்து நிற்கும். ஒரு மாட்டை விட்டு அடுத்த மாட்டுக்குப் போகும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோய் கண்ட மாட்டைக் கடைசியில் கறங்கள், அதிலும் கெட்ட காம்பைக் கடைசியாக. அந்தப் பாலைத் தரையில் பீச்சிவிடும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். மாடு படுக்கும் இடம் அது. தனிப் பாத்திரத்தில் பிடித்துத் தொலைவில் குழி தோண்டி ஊற்றுங்கள்.

தினமும் முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுப் பாருங்கள். மாவுத் துணுக்கு மாதிரி ஏதாவது தங்கினால் அன்றே தெரிந்துவிடும். பால் பார்வைக்கு நன்றாக இருந்தும் உள்ளே நோய் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க வீட்டுச் சலவைத்தூளே போதும். அரை லிட்டர் தண்ணீரில் சுமார் 15 கிராம் தூளைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, அதே அளவு கரைசல் விட்டு ஒரு நிமிடம் சுழற்றுங்கள். நல்ல பால் தண்ணீராகவே ஓடும், கெட்டது கஞ்சி போலக் குழையும். ஈன்ற முதல் சில நாளிலும், பால் வற்றும் சமயத்திலும் இந்தச் சோதனையை நம்ப முடியாது. மற்றபடி மாதம் ஒரு முறை நான்கு மாட்டுக்கும் செய்யுங்கள்.

அப்புறம், எப்படிக் கறக்கிறீர்கள் என்று எழுதவில்லை. கட்டைவிரலை மடக்கி, அந்த மூட்டில் காம்பை அழுத்திக் கறப்பவர் என்றால் காம்பின் உட்புறம் நசுங்கிப் புண்ணாகும், கிருமிக்கு அது வசதி. நானும் அப்படிப் பழகியவன்தான், மாற்றிக்கொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. ஐந்து விரலாலும் காம்பைப் பிடித்து, மேலிருந்து ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு வர வேண்டும். மாடு சுரப்பு விட்டபின் ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் கறந்து முடியுங்கள், மடியில் பால் தங்க விடாதீர்கள்.

கறந்ததும் காம்புத் துளை உடனே மூடிக்கொள்வதில்லை, அதற்கு அரை மணி நேரமாவது ஆகும். காம்பு முக்குவதற்கென்றே விற்கும் அயோடின் கரைசலில் நான்கு காம்பையும் முக்கிவிட்டு, உடனே தீவனம் வையுங்கள். தின்றுகொண்டிருக்கும் மாடு படுக்காது. அதற்குள் துளை மூடிவிடும். சாணமும் கோமியமும் தேங்கிய தரையில் கறந்த கையோடு படுக்க விட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

இனி மருந்து விஷயம். பால் தெளிந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பாதியில் நிறுத்தியதில் மிஞ்சிய கிருமி மடிக்குள் ஒளிந்திருந்து மூன்று வாரத்தில் தலைகாட்டியிருக்கலாம். இம்முறை ஊசிக்கு முன்பே பால் மாதிரியைச் சோதனைக்கு அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எந்த மருந்துக்குக் கேட்கும் என்று தெரிந்து போடலாம். அவர் சொன்ன நாள்வரை முழுவதும் போடுங்கள். மருந்து முடிந்த பிறகும் அவர் சொல்லும் கெடு தீரும்வரை பாலை விற்கவோ வீட்டுக்கு எடுக்கவோ கூடாது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்பது தவறு. பால் வற்றவிடும் நாளில் காம்புக்குள் மருந்து ஏற்ற வேண்டுமா என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். நாள்பட்ட நோயைத் தீர்க்க வற்றுக்காலம் நல்ல வாய்ப்பு.

மடி சில்லிட்டு நீலம் பாரித்தாலோ, பால் தண்ணீராக வந்து மாடு தீவனத்தைத் தொடாமல் படுத்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சில மணி நேரத்தில் மாடே போய்விடும்.

கன்றுக்கு அந்தப் பால் வேண்டாம். கிருமியும் மருந்தும் கலந்த பால் அது. நல்ல மாட்டின் பாலைக் கறந்து பாத்திரத்தில் கொடுங்கள். நோய் கண்ட காம்பில் வாய் வைத்த கன்று அடுத்த மாட்டிலும் ஊட்டப் போகும் என்பதால், கொஞ்ச நாளைக்கு அதைத் தள்ளியே கட்டுங்கள்.