கணினிக் கேள்வி பதில்: மார்கழியில் தேறிய றாம்

கேள்வி: ஐயா, 3600 என்று போட்ட 8 ஜிபி றாம் இரண்டு வாங்கினேன். ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 மதர்போர்ட். விண்டோஸ் 2400 என்கிறது. சிபியு-இசட் என்ற மென்பொருளில் பார்த்தால் 1200! கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? எக்ஸ்எம்பி போட்டால் எரிந்துவிடும் என்று ஒரு நண்பன் வெருட்டுகிறான். 4000 வரை ஏற்றலாம் என்கிறான் இன்னொருவன்.
– மாணவன், சுன்னாகம்

பதில்: தம்பி, கடைக்காரரை விட்டுவிடும், அவரில் பிழை இல்லை. 1200 என்பது துடிப்பு. டிடிஆர் றாமில் ஒரு துடிப்புக்கு இரண்டு தரம் தரவு போகும், அதனால் 2400. இரண்டும் ஒரே கணக்குத்தான்.

மிச்சம் எங்கே? புது றாம் எந்தப் போர்டிலும் ஓடக்கூடிய அடக்கமான வேகத்தில்தான் முதலில் எழும்பும். தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பு உம்முடைய டிடிஆர்4 வகை றாமுக்கு வகுத்த வேகங்களே 3200உடன் முடிகின்றன. 3600 என்பது கம்பனி தானே சோதித்து றாமின் சாதகத்தில் எழுதிவைத்த இரண்டாம் பக்கம். கணினி எழும்பும்போதே திறக்கக்கூடிய பயோஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் அதைத் திறந்துவிடுவது உம்முடைய வேலை. எக்ஸ்எம்பி என்று இருக்கும். அசூஸ் போர்ட் என்றால் டிஓசிபி.

எரியாது. வோல்டேஜ் வழக்கமாக 1.2இல் இருந்து 1.35க்கு ஏறும், அவ்வளவுதான். ஆனால் 5600ஜிக்கு ஏஎம்டி சொல்லும் எல்லை 3200. ஆகவே 3600 என்பதே ஓவர்குளொக்தான், தெரிந்துகொண்டு செய்யும்.

செய்வதில் பலன் உண்டு. நீர் தனிக் கிராபிக்ஸ் கார்ட் பற்றி எழுதவில்லை. இல்லையென்றால் படமும் இதே றாமில்தான் பங்கு கேட்கும். இரண்டு றாமும் இரண்டு வாய்க்காலாக ஓடினால் 2400இல் செக்கனுக்கு 38.4 ஜிபி, 3600இல் 57.6 ஜிபி. கேம் விளையாடும்போது கண்ணுக்கே தெரியும். போர்டில் நாலு சிலொட் இருந்தால் சிபியு பக்கத்தில் இருந்து எண்ணி 2ஆவதிலும் 4ஆவதிலும் போடும். ஒட்டி ஒட்டிப் போட்டு ஒற்றை வாய்க்காலில் ஓடவிட்டுக்கொண்டு 4000 பற்றிக் கதைக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன்.

பெட்டியில் சிஎல் என்று ஓர் எண் இருக்குமே, அதையும் பாரும். கேட்ட தரவு வரத்தொடங்க எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதுதான் அது. துலா மிதிக்கிற இருவரை நினைத்துக்கொள்ளும். ஒருவர் 16 எட்டில் பட்டையை மேலே கொண்டுவருவார், மற்றவருக்கு 18 எட்டு, ஆனால் கால் வேகம் கூட. தண்ணீர் இருவருக்கும் ஒரே நேரத்தில்தான் வரும். 3200 சிஎல்16, 3600 சிஎல்18 இரண்டுக்கும் காத்திருப்பு சரியாக 10 நானோசெக்கன். வித்தியாசம், வரத்தொடங்கிய பிறகு பாயும் அளவில்தான்.

இனி 4000. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மார்கழி இரவு, மழை கொட்டிக்கொண்டிருக்க, என்னுடைய 3200 றாமை 3800க்கு ஏற்றினேன். றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளின் நாலு சுற்றும் சுத்தம். பெருமை தாங்காமல் மனுசியை எழுப்பிக் காட்டினேன். விசிறியை நிற்பாட்டச் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டா.

வைகாசி வந்தது. காண்டாவனம், தகரக் கூரை அறை, கதவைத் திறந்தால் அனல். மருமகளின் சாமத்தியவீட்டு வீடியோவை ஸிப் (zip) கோப்புகளாகக் கட்டிக் கனடாவுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே திறந்தால் பாதியில் சிஆர்சி பிழை, அதாவது கோப்பு பழுது. இவ்வளவுக்கும் என் மெஷின் ஒரு தரம்கூட நிற்கவில்லை, நீலத்திரை காட்டவில்லை. நின்றிருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பேன்.

றாமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கொள்ளளவியில் கிடக்கும் மின்னேற்றம். அது கசியும், அதனால் 64 மில்லிசெக்கனுக்கு ஒரு தரமாவது திரும்ப நிரப்ப வேண்டும். சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். நான் வேகத்துக்கு ஆசைப்பட்டு நிரப்புகிற இடைவெளியையும் நீட்டிவைத்திருந்தேன். மார்கழியில் தாங்கியது வைகாசியில் தாங்கவில்லை. புரண்ட பிட் புரண்டபடியே டிஸ்க்கில் ஏறிவிட்டது.

ஆகவே 3600இல் நில்லும். அதையும் மத்தியானம் இரண்டு மணிக்கு, விசிறி போடாமல் சோதியும். இரவுச் சோதனை நம்முடைய ஊருக்குக் காணாது. எக்ஸ்எம்பி போட்டதும் திரை கறுப்பாகி மெஷின் இரண்டு மூன்று தரம் தானாக அணைந்து எழும்பலாம். பதறி சுவிச்சில் கை வைக்க வேண்டாம். எழும்பவே இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்டப் பட்டரியைச் சில நிமிஷம் வெளியே எடுத்து வையும், பழைய வேகத்துக்குத் திரும்பும்.

கேள்வி: கனடாவில் இருந்து தம்பி அனுப்பிய 3200 றாம், மகனுடைய ஐ3-10100, எச்410 கணினியில் 2666தான் காட்டுகிறது. கடையில் போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மகன் ஏஎல் படிக்கிறான்.
– தாய் ஒருவர், வட்டுக்கோட்டை

பதில்: மாற்ற வேண்டாம், அம்மா. அந்த ஐ3 சிப்போடு அந்தப் போர்ட் 2666உடன் நின்றுவிடும். தம்பி அனுப்பிய றாமில் குறை இல்லை. ஜூம் வகுப்புக்கும் பாஸ்ட் பேப்பர் பார்ப்பதற்கும் அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. எத்தனை றாம் அனுப்பினார் என்று எழுதவில்லை. ஒன்றென்றால் அதே அளவில் இன்னொன்று வாங்கிப் போடுங்கோ, அது வேகத்தைவிட உதவும். மிஞ்சுகிற காசில் யூபிஎஸ் பட்டரியை மாற்றுங்கோ.