'டீகப்' என்று விற்கப்பட்ட குதிரைக்குட்டி: எதை வைத்து வழக்குப் போடுவது?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் பக்கம் வசிக்கிறோம். போன வருடம் மகளுக்காக ஒரு பண்ணையில் ஐந்து மாதப் பெண் குதிரைக்குட்டி ஒன்றை 7,200 டாலர் கொடுத்து வாங்கினோம். 'டீகப் மைக்ரோ மினி, நாய் அளவுக்கு மேல் வளராது' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். இப்போது கால்கள் வளைந்து, கீழ்த்தாடை துருத்தி நிற்கிறது. நாலடி ஓடினால் மூச்சு வாங்குகிறது. பிறவிக் குள்ளத்தன்மை என்று கால்நடை மருத்துவர் மூன்று மாதம் முன்பு சொன்னார். டீகப் என்று ஒரு ரகமே கிடையாதாம். விற்றவரிடம் போனில் கேட்டால் கத்துகிறார். கடைசியில் '5,000 டாலர் தருகிறேன், குட்டியும் உங்களிடமே இருக்கட்டும்' என்றார். மறுத்துவிட்டேன். ஃபேஸ்புக் குழு ஒன்றில் பண்ணையின் பெயரைப் போட்டு 'மோசடிக்காரர்கள்' என்று எழுதினேன். மகள் தினமும் அழுகிறாள். இவர்களுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்று அந்தப் பதிவின் கீழேயும் எழுதியிருக்கிறேன். குட்டியை வேறு யாருக்காவது விற்றுவிட்டு வழக்குப் போடலாம் என்கிறார் என் மைத்துனர். விற்பனைப் பத்திரமும் வாட்ஸ்அப் செய்திகளும் இணைத்திருக்கிறேன்.

பதில்: முதலில் அந்த 'டீகப்' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அதற்குத்தான் முதலிடம். நீதிமன்றத்தில் அது கால் காசு பெறாது. டீகப், மைக்ரோ மினி, பாக்கெட் எல்லாம் விற்பவர்கள் தாங்களாக வைத்துக்கொண்ட பெயர்கள். 1978-இல் தொடங்கிய அமெரிக்கன் மினியேச்சர் ஹார்ஸ் அசோசியேஷன் வளர்ந்த குதிரைக்கு 34 அங்குலம் என்ற உச்சவரம்பை வைத்திருக்கிறது. பிடரி மயிர் முடிகிற இடத்திலிருந்து தரை வரை அளப்பார்கள். ஏ.எம்.எச்.ஆர். என்ற இன்னொரு பதிவகம் 34 அங்குலம் வரை ஏ, அதற்கு மேல் 38 வரை பி என்று பிரிக்கிறது. டீகப் என்ற ரகம் இரண்டிலும் இல்லை. ரகமே இல்லை என்றால் பொய்தானே என்று கேட்பீர்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அளவோ வரையறையோ இல்லாத புகழ்ச்சி வார்த்தையை வியாபாரியின் பெருமைப் பேச்சு என்று ஒதுக்கிவிடும். டெக்சஸ் வணிகச் சட்டத்தின் 2.313-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. விற்றவர் கத்தியது, மகள் அழுவது, இவற்றையும் தள்ளி வையுங்கள்.

உங்களுக்கு வழக்கு இருக்கிறதென்றால் அது நீங்கள் இணைத்த வாட்ஸ்அப் செய்திகளில் ஒரே ஒரு வரியில் இருக்கிறது. பணம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு விற்றவர் அனுப்பியது: 'தாய், தகப்பன் இரண்டுக்கும் டெஸ்ட் எடுத்தாச்சு, டுவார்ஃப் ஜீன் கிடையாது.' இதை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடக்கூட இல்லை. இது உண்மையா பொய்யா என்று பரிசோதித்துப் பார்க்கக்கூடிய உறுதிமொழி. பத்திரத்தில் 'உள்ளது உள்ளபடி', அதாவது குறை இருந்தாலும் விற்றவர் பொறுப்பில்லை, என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதோடு, கால்நடை மருத்துவரை அழைத்து வந்து பார்க்கச் சொல்லி விற்றவர் எழுதிக் கேட்டும் வேண்டாம் என்றிருக்கிறீர்கள். அதனால் 'ஆரோக்கியமான குட்டியாக இருந்திருக்க வேண்டும்' என்ற பொதுவான உத்தரவாதம் அநேகமாகப் போய்விட்டது. ஆனால் தெரிந்தே சொன்ன பொய்யை நம்பிக் கையெழுத்திட்டவரை 'உள்ளது உள்ளபடி' கட்டுப்படுத்தாது என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆக, எல்லாம் அந்த ஒரு வரியில் நிற்கிறது.

அந்த வரி பொய் என்று நிரூபிக்க முடியுமா? முடியலாம். மினியேச்சர் குதிரைகளில் ஏகான் என்ற மரபணுவில் டி1, டி2, டி3, டி4 என நான்கு பிறழ்வுகளைக் கென்டக்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒன்று மட்டும் இருக்கும் குதிரை வெளியே இயல்பாகவே இருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு சேர்ந்தால்தான் உங்கள் குட்டியைப் போலப் பிறக்கும். உங்கள் குட்டிக்கு இரண்டும் இருப்பதாக முடிவு வந்தால், பெற்றோர் இரண்டுமே ஜீனைச் சுமப்பவை என்று அர்த்தம். ஒன்று டெஸ்ட் எடுக்கவே இல்லை, அல்லது எடுத்து மறைத்தார். பெற்றோரின் சுத்தமான ரிப்போர்ட்டை நீட்டினால், குட்டிக்கு அவை பெற்றோரே அல்ல. எப்படிப் பார்த்தாலும் அவர் சொன்னது நிற்காது.

இரண்டு இல்லை என்று வந்தால்? குள்ளத்தன்மைக்கு இந்த நான்கைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. அப்போது அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். உங்கள் வழக்கும் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன் டெஸ்ட். முடியை நீங்களே பிடுங்கி அனுப்பாதீர்கள். 'அது வேறு குதிரையின் முடி' என்பார்கள். மருத்துவர் குட்டியின் சிப் எண்ணைப் படித்துக் குறித்துக்கொண்டு, பிடரியிலிருந்து வேரோடு இருபது முப்பது முடி பிடுங்கி, உறையில் ஒட்டிக் கையெழுத்திட்டு அவரே ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். வேர்க்குமிழ் இல்லாத முடியால் பயனில்லை.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். மிருகம் வாங்கி ஏமாந்தவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் விற்றவர் செய்த தவறைவிட, அதற்கப்புறம் இவர்கள் செய்ததுதான் வழக்கைக் கெடுத்திருக்கும். நீங்களும் அந்தப் பாதையில் பாதி தூரம் போய்விட்டீர்கள்.

அந்த ஃபேஸ்புக் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். 'மோசடிக்காரர்கள்' என்பது ஒரு குற்றச்சாட்டு. நிரூபிக்க முடியாவிட்டால் அவதூறு என்று எதிர்வழக்கு வரும். அதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. நீங்கள் போடப்போவது டெக்சஸின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமான டி.டி.பி.ஏ.வின் கீழ் வரும் வழக்கு. தெரிந்தே ஏமாற்றினார் என்று நிரூபித்தால் பண நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு வரை வாங்கலாம் என்பதால் எல்லாரும் அதை விரும்புகிறார்கள். அதே சட்டத்தின் 17.50-ஆம் பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. ஆதாரமில்லாமலோ, தொல்லை கொடுக்கும் நோக்கத்திலோ வழக்குப் போட்டதாக நீதிமன்றம் கருதினால், எதிராளியின் வக்கீல் செலவை நீங்கள் கொடுக்க வேண்டும். 'பாடம் புகட்ட வேண்டும்' என்று அந்தப் பதிவின் கீழேயே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நோக்கத்துக்கு எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு சாட்சி எதற்கு? இனி ஒரு வார்த்தை எழுதாதீர்கள். இருப்பதைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்தி, எனக்கு அனுப்பிய பிறகு பொதுப்பார்வையிலிருந்து நீக்குங்கள். ஆதாரத்தை அழித்தீர்கள் என்ற பேச்சும் வரக்கூடாது.

அடுத்து, மைத்துனரின் யோசனை. தயவுசெய்து வேண்டாம். குள்ளத்தன்மை என்று மருத்துவர் சொன்ன பிறகு அதை மறைத்து விற்றால், நீங்கள் யார்மேல் வழக்குப் போட நினைக்கிறீர்களோ அவர் இடத்தில் நீங்கள் நிற்பீர்கள். தெரிந்த குறையை மறைத்து விற்பதும் அதே சட்டத்தில்தான் வருகிறது. வாங்கியவர் உங்கள்மேல் போடுவார். குட்டி கைமாறியதும் ஆதாரமும் போய்விடும்.

மூன்றாவது, காலதாமதம். குறை தெரிந்ததும் நியாயமான காலத்துக்குள் விற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால் எந்தப் பரிகாரமும் கிடையாது என்கிறது வணிகச் சட்டத்தின் 2.607-ஆம் பிரிவு. போனில் சண்டை போட்டதைத் தெரிவித்ததாக நிரூபிப்பது கஷ்டம். மருத்துவரின் குறிப்பை இணைத்து, இன்ன குறை, இன்ன தேதியில் தெரிந்தது என்று நாலு வரியில் இந்த வாரமே எழுத்தில் அனுப்புங்கள். இது வழக்குக்கு 60 நாள் முன்பு அனுப்ப வேண்டிய டி.டி.பி.ஏ. நோட்டீஸ் இல்லை, அது டெஸ்டுக்குப் பிறகு. திட்டு ஒன்றும் வேண்டாம்.

இப்போது அந்த 5,000 டாலர். நீங்கள் மறுத்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது. குட்டியை வைத்துக்கொண்டே இழப்பீடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கிடைப்பது, சொன்னபடி இருந்திருந்தால் என்ன மதிப்பு, உள்ளபடி என்ன மதிப்பு என்ற வித்தியாசம்தான். குள்ளக் குட்டிக்கும் சந்தையில் ஆள் இருக்கிறது என்று அவர் தரப்பு நிபுணர் வந்து சொல்வார். அதில் உண்மையும் இருக்கிறது. மிசோரியில் 2001-இல் பிறந்த தம்பலினா என்ற குதிரை 17.5 அங்குல உயரத்தோடு உலகின் மிகச் சிறிய குதிரையாகக் கின்னஸில் இடம்பெற்றது. அதுவும் குள்ளத்தன்மையோடு பிறந்ததுதான். சின்னதாக இருந்தால் காசு என்ற எண்ணம் இந்த வியாபாரத்தில் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. உள்ளபடி மதிப்பு 2,000 என்று நீதிபதி எடுத்துக்கொண்டால் உங்கள் நஷ்டம் 5,200. அவர் கொடுக்க வந்தது 5,000.

60 நாள் நோட்டீஸுக்குப் பதிலாக அவர் முறைப்படி இதே தொகையையும் வக்கீல் செலவையும் தர முன்வந்து, நீங்கள் மறுத்து, கடைசியில் நீதிமன்றமும் ஏறத்தாழ அதே நஷ்டத்தைக் கண்டால், அதற்கு மேல் மூன்று மடங்கு எதுவும் கிடையாது. அவர் முன்வந்த தேதிக்குப் பிறகான வக்கீல் செலவும் உங்கள் கையிலிருந்துதான். நல்ல வழக்கு வைத்திருந்தவர்களே இந்த இடத்தில் ஒரு வருடத்தையும் கைக்காசையும் இழந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் ஆலோசனை சமரசம். டெஸ்ட் முடிவு சாதகமாக வந்தால் 6,500-இல் பேச்சைத் தொடங்குங்கள், 5,500-க்குக் கீழே இறங்காதீர்கள். சாதகமாக வராவிட்டால், அந்த 5,000 இன்னும் இருக்கிறதா என்று கேட்டு மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணம் குட்டியின் குளம்புக்கும் பல்லுக்கும் தேவைப்படும். இப்படிப்பட்ட குட்டிக்குக் குளம்பு சீவுகிறவர் அடிக்கடி வர வேண்டியிருக்கும். கால் மேலும் வளையாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது அதற்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. எந்தக் காரணத்துக்காகவும் இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். அதன் உடம்பு தாங்காது.

சமரசப் பத்திரத்தில் இரண்டு விஷயம் இருக்க வேண்டும்: குட்டி உங்களுடையது என்பதும், அந்த ஃபேஸ்புக் பதிவுக்காக அவர் உங்கள்மேல் எந்த வழக்கும் போடமாட்டார் என்பதும். இரண்டாவதை அவராக எழுதமாட்டார், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். அது இல்லாத பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.