வேலை தொடங்கி ஐந்து வாரம் ஆகிவிட்டது, இனி 20 நாள் நோட்டீஸ் அனுப்பலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் டைல்ஸ் வேலை செய்யும் சப்-கான்ட்ராக்டர் நான். ஒரு வீட்டு ரீமாடலில் மார்ச் 3 அன்று இறங்கினேன். இன்று ஏப்ரல் 10. ஜெனரல் கான்ட்ராக்டர் பணம் தராமல் இழுத்தடிக்கிறார். இந்த வீட்டில் வேலை செய்கிறேன் என்று உரிமையாளருக்கு முறைப்படி தெரிவிக்கும் 20 நாள் ப்ரிலிமினரி நோட்டீஸை நான் அனுப்பவே இல்லை. இனி அனுப்பிப் பயன் உண்டா? அனுப்பினால் வீட்டுக்காரர் கோபப்படுவாரோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்: இன்றே அனுப்பிவிடுங்கள். வேலை தொடங்கி 20 நாளுக்குள் அனுப்பியிருந்தால் முழுத் தொகைக்கும் லீன் உரிமை, அதாவது கூலி வராவிட்டால் அந்த வீட்டின் மீதே பாத்தியதை பதியும் உரிமை, இருந்திருக்கும். தாமதமானால் நோட்டீஸ் கொடுத்த நாளுக்கு முந்தைய 20 நாள் வேலைக்கும், அதன்பிறகு செய்யும் வேலைக்கும் மட்டும்தான் அது செல்லும். இன்று தபாலில் சேர்த்தால் மார்ச் 21 முதல் செய்ததெல்லாம் காப்பாற்றப்படும். அதற்கு முன் பழைய தரையை உடைத்தது, வாட்டர்ப்ரூஃபிங் பூசியது எல்லாம் லீனில் வராது; அந்தப் பணத்துக்கு ஜெனரல் கான்ட்ராக்டர் மீது ஒப்பந்தப்படி வழக்குப் போடுவதுதான் வழி. நாளை வரை தள்ளிப்போட்டால் மார்ச் 21-ம் கைவிட்டுப் போகும்.

தயக்கத்துக்கு இடமே இல்லை. இது கடன் கேட்டு மிரட்டும் கடிதம் அல்ல. சட்டம் சொல்லும் வாசகத்தை வீட்டுக்காரருக்கு அப்படியே அச்சிட்டுத் தர வேண்டும். கான்ட்ராக்டரின் பணநிலையைக் குறை சொல்லும் நோக்கம் இதில் இல்லை என்ற வரியும் அதிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் கான்ட்ராக்டருக்கு முழுப் பணத்தையும் கொடுத்து முடித்திருந்தாலும், உங்களுக்கு வரவில்லையென்றால் அவர் வீட்டின் மீதுதான் லீன் விழும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது அவருக்கும் நல்லது. அடுத்த செக்கை கான்ட்ராக்டர், நீங்கள் என இருவர் பெயரிலும் எழுதித் தரச் சொல்லி நீங்கள் கேட்கவும் வழி பிறக்கும்.

நோட்டீஸ் மூவருக்குப் போக வேண்டும்: வீட்டு உரிமையாளர், ஜெனரல் கான்ட்ராக்டர், கட்டுமானக் கடன் கொடுத்த வங்கி இருந்தால் அதற்கும். வங்கியின் பெயரை பில்டிங் பெர்மிட்டில் தேடுங்கள். வேலை நடக்கும் முகவரி, செய்யும் வேலை, உங்களை அமர்த்தியவர் பெயர், மொத்தத் தொகையின் மதிப்பீடு ஆகியவை இருக்க வேண்டும். பிறகு எக்ஸ்ட்ரா வேலை சேர்ந்தால் புது நோட்டீஸ் தேவையில்லை. சர்டிஃபைடு மெயிலில் அனுப்பி, தபால் ரசீதையும் யாருக்கு, எந்த நாளில், எப்படி அனுப்பினீர்கள் என்ற உறுதிமொழித் தாளையும் சேர்த்து வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் இதற்கு ஈடாகாது.

உங்களுக்கு டைல்ஸ் கொடுத்த கடைக்காரரும் தனியாக நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அந்தக் கடைக்கே சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிக்கு லீன் உரிமையே கிடையாது.

அடுத்த கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மொத்தக் கட்டட வேலையும் முடிந்து 90 நாளுக்குள் கவுண்டி ரெக்கார்டரிடம் (சொத்து ஆவணங்களைப் பதியும் மாவட்ட அலுவலகம்) லீனைப் பதிய வேண்டும். உரிமையாளர் 'வேலை முடிந்தது' என்று நோட்டீஸ் பதிந்துவிட்டால் அது 30 நாளாகச் சுருங்கிவிடும். தான் குடியிருக்கும் வீட்டுக்கு ஒருவர் அப்படிப் பதிந்தால் அதை உங்களுக்குத் தெரிவிக்கும் கடமை அவருக்கு இல்லை. நீங்கள்தான் வாராவாரம் ரெக்கார்டர் ஆபீஸ் பதிவைப் பார்க்க வேண்டும். லீன் பதிந்த 90 நாளுக்குள் வழக்கும் போட வேண்டும். டைல்ஸ் வேலைக்கான உங்கள் சி-54 லைசென்ஸ் வேலைக்காலம் முழுவதும் செல்லுபடியாக இருந்ததா என்றும் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் செய்த வேலைக்குக் கூலி கேட்டு வழக்கே நிற்காது.

இடையில் ஜெனரல் கான்ட்ராக்டர் ஒரு செக்கோடு, லீன் உரிமையை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் வேவர் படிவத்தை நீட்டக்கூடும். 'கண்டிஷனல்' என்று தலைப்பிட்ட படிவத்தில் கையெழுத்துப் போடலாம். பணம் வந்து சேர்ந்தால்தான் அது செல்லும். 'அன்கண்டிஷனல்' என்று இருந்தால், செக் பாஸாகிப் பணம் உங்கள் கணக்கில் ஏறும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.